தொடர்பில் இல்லை

பயந்தால் ஈரக்குலை நடுங்குகிறது நமக்கு.
கணையத்துக்கு ஒரு வசவுகூடக் கிடையாது தமிழில்.
மலையாளத்தில் உண்டா என்று லீலாம்மா குரியனிடம் கேட்டேன்.
நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்
"ஆக்னேய கிரந்தி. பரீட்சைக்கு மட்டும் உள்ள பேர்" என்றாள்.

இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பில் சாய்ந்து கிடக்கும் அது.
கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரித்து,
கீழாநெல்லியில் மூன்று மாதம் போக்கி
பாலக்காட்டுக்கு பஸ் ஏறி வருவார்கள்.
திறப்போம், பார்ப்போம், மூடிவிடுவோம்.

இந்தப் பக்கத்துக் கணையங்களில் கல் இருக்கும்,
எக்ஸ்ரேயில் உப்புத் தெளித்தது போல.
கப்பைக்கிழங்கு என்றார்கள் எனக்கு முன்னே இருந்தவர்கள்.
எட்டு வருஷம் ஒவ்வொரு கட்டிலிலும் கேட்டேன்:
வாரத்துக்கு எத்தனை நாள் கப்பை?
கப்பை தின்னாத வீட்டிலும் கல் இருந்தது.
அந்தக் கட்டுரையை மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பின.

ஈரல் அப்படியில்லை.
பாதியை வெட்டிக் கொடுத்தாலும் சில மாதத்தில் வளர்ந்து
ஒன்றுமே நடக்காதது போல இருக்கும்.
கோவையில் மூளைச்சாவான பையனுடையது
ஒரு முறை ஐஸ் பெட்டியில் வாளையார் தாண்டி வந்தது.
இரண்டு மாநிலக் கையெழுத்துக்கு ஐந்து மணி நேரம்,
பெட்டிக்கு ஐம்பது நிமிஷம்.
சாவடிக்காரர் டார்ச் அடித்து, உள்ளே என்ன என்றார்.
"ஈரல்" என்றான் டிரைவர்.
ஆட்டுதா என்று கேட்க வாயெடுத்தவர்
என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தடுப்பைத் தூக்கினார்.

அந்த ஈரல் வாங்கியவர் மகள் கல்யாணத்துக்கு அழைத்தார், போனேன்.
கணையக்காரர்கள் கல்யாணத்துக்கு அழைத்ததில்லை.

இருபத்திரண்டு வருஷம், நூற்று எண்பத்தாறு பேர்.
அஷ்ரப் அவர்களைப் படிக்கட்டாக வரைந்து தருவான்.
ஒரு சாவுக்கு ஒரு படி இறங்கும்.
இருக்கிறாரா இல்லையா தெரியாதவருக்கு
படியின் மேல் ஒரு சின்னக் கோடு.
பதிவேட்டில், தொடர்பில் இல்லை.
எல்லைக்காரர்களுக்குத்தான் கோடு அதிகம்:
ரேஷன் கார்டு அங்கே, தோப்பு வேலை இங்கே,
போன் நம்பர் மச்சினனுடையது,
ஊர்ப்பெயர் இரண்டு எழுத்தில் இரண்டு விதம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோடுகளைத் தேடிப் போனேன்.
கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம்.
மாலை போட்ட படத்தைக் காட்டுவார்கள்.
தேதி கேட்பேன்.
"தேதி கேக்கத்தானுங்களா இத்தன தூரம் வந்தீங்க?" என்றாள் ஒருத்தி,
மோரைக் கையில் கொடுத்துவிட்டு.

நூற்று நாலாம் எண் கிட்டுச்சாமி, கள் இறக்குபவர்,
மீனாட்சிபுரத்தில் தென்னை மேல் இருந்தார்.
பதினோரு வருஷம் கழித்து.
கீழிருந்து கத்தினேன்: "வயிறு எப்படி இருக்கு?"
"பாளை சீவிட்டிருக்கறனுங்க, இருங்க."

அவ்வளவு படி யாரும் தாண்டியதில்லை.
லீலாம்மா பழைய மெழுகுக் கட்டியை எடுத்து
மறுபடி மெலிசாகச் சீவினாள்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
"இது புற்று இல்லை. வெறும் அழற்சி.
அன்றைக்குத் தப்பாகச் சொன்னது நான்தான்."
வெட்டியது நான்.

அடுத்த ஞாயிறு சொல்லப் போனேன்.
இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார், என் உபயம்.
கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"புத்து வந்த ஊட்டுக்கெல்லாம் என்னயக் கூட்டிட்டுப் போயிக்
காட்டுறாங்கங்க. இவரப் பாரு, மரமேறுறார்னு."
பிறகு கேட்டார்:
"என்னய எடுத்துட்டா மத்தவங்க படி என்னாகும்?"
இன்னும் சீக்கிரம் தரைக்கு வந்துவிடும் என்றேன்.
"அப்ப நான் அதுலயே இருந்துட்டுப் போறனுங்க.
எனக்கென்ன, உட்ருங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
அன்று இரவே இதழுக்குத் திருத்தம் எழுதினேன், நாலு வரி.
நூற்று எண்பத்தைந்து.