பியெர்வோத்னி

போக்னாவின் மேசைக்கு மேலே பச்சை எழுத்தில் பலகை:
ஆதிச் சந்தை.
பியாவிஸ்தொக்கில் அதற்குப் பொருள்
யாரும் இன்னும் குடியேறாத அடுக்ககம்.
சுவரில் ஆணித்துளை கிடையாது
குளியலறை வடிகாலில் அடுத்தவர் தலைமுடி கிடையாது
சாவிகள் பிளாஸ்டிக் உறைக்குள்.
ஒருவர் வாழ்ந்து சலித்து விற்றால்
அது இரண்டாம் சந்தை. என் மேசை.

பியெர்வோத்னி.
அவள் தம்பி ஜெமொவித் வழிகாட்டியாக இருக்கும்
காட்டின் வாசலிலும் அதே சொல்தான்.
அங்கே விழுந்த ஓக் மரத்தை யாரும் தொடக்கூடாது.
கிடக்கும். பாசி ஏறும்.
வண்டுகள் அறை அறையாய்க் குடைந்து
வாடகையில்லாமல் குடியேறும்.
"உன் ஆதி காலி, அக்கா.
என் ஆதியில் நிற்க இடமில்லை" என்பான்
எங்கள் கம்பளத்தில் சேற்றைத் தட்டியபடி.

சில்லறை வேலைகளும் உண்டு அச்சொல்லுக்கு.
தள்ளிப்போன கல்யாணத்தின் ஆதித் தேதி.
வாடகை ஒப்பந்தம், ஒன்பதாம் பிரிவு:
காலி செய்கையில் ஆதி நிலைக்குத் திருப்புக.
அதாவது, மஞ்சள் அடித்தவர் வெள்ளை அடித்துவிட்டுப் போகவேண்டும்.
வெள்ளைக்கு முன் என்ன நிறம் என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பிப்ரவரியில் மருத்துவமனை அறிக்கை வந்தது.
கண்ணாடியைக் காட்டில் விட்டுவிட்டேன் என்றானாம்.
பஸ் நிறுத்தத்தில் நின்று அவளே வாசித்தாள்:
கல்லீரலில் மூன்று, இடுப்பெலும்பில் ஒன்று,
எல்லாமே வேறெங்கிருந்தோ வந்தவை.
கடைசி வரி:
ஆதி நெருப்பிடம் கண்டறியப்படவில்லை.

நெருப்பிடம் என்றுதான் எங்கள் மருத்துவர்கள் எழுதுவார்கள்.
விறகடுக்கி, குச்சியில் சாசேஜ் குத்தி
வாட்டித் தின்போமே, அந்த நெருப்பு.

ஜெமொவித் சிரித்தானாம்.
"பத்தொன்பது வருஷம் அக்கா,
தீக்குச்சிகூட உரசியதில்லை அந்தக் காட்டில்.
வேண்டுமானால் மேலதிகாரியைக் கேட்கச் சொல்."
பதினான்காம் எண் பஸ் வந்தது.
ஏறவில்லை இருவரும்.

திங்கட்கிழமை போக்னா
நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.
மருத்துவமனைக்கு நடக்கும் தூரம், தரைத்தளம், இரண்டு அறை.
"உன் பக்கம் புதுசாகவே இருக்கிறதே,
உனக்குச் சலுகையும் உண்டு" என்றேன், மண்டு நான்.
வேண்டாம் என்று தலையசைத்தாள்.
யாராவது இருந்த வீடாகப் பார்.

ஒன்று இருந்தது.
சமையலறை நிலையில் யாரோ ஒரு குழந்தையின் உயரம்
பென்சிலில், ஏழு கோடுகள்.
வெள்ளை அடித்துத் தரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.
அவள் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.