லைன் கிளியர்

முப்பத்தொரு வருஷம்
கரண்டைத் தொடாமல் இருப்பதுதான் என் வேலை.
இப்போது அது எனக்குள் குடியிருக்கிறது.
இடுப்புக்குச் சற்றுக் கீழே, தோலுக்கடியில்,
தீப்பெட்டி அளவில் ஒரு புடைப்பு.
ஒச்சம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"பியூஸ் கட்டை மாதிரி இருக்கு."

கருமாத்தூர் விலக்கில்
கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் அந்தக் கம்பம்.
லைன் கிளியர் வாங்கித்தான் ஏறினேன்.
மண்டபத்தில் எவரோ ஜெனரேட்டரைத் தட்டினார்கள்.
செத்த கம்பி உயிரோடு திரும்பி வந்தது.
விழுந்தது நினைவில்லை.
பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவன்
வாளியோடு ஓடிவந்தது நினைவிருக்கிறது.

எலும்பு கூடிவிட்டது. ஸ்க்ரூ நாலு.
இடது கால் மட்டும் அணையவில்லை.
பாதத்தில் போர்வை உரசினால் கொதிக்கிற தார்.
மார்கழியிலும் ஈரத்துணி.
படத்தில் ஒன்றுமில்லை என்றார்கள்,
மறுபடி எடுத்த படத்திலும் ஒன்றுமில்லை.
எனக்குத் தெரியும் இந்த ரகம்.
மீட்டர் ஓடாது, டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் சூடாகும்.
எவனோ கொக்கி போட்டிருக்கிறான்.
பகலில் போய்த் தேடினால் கம்பி இருக்காது,
ராத்திரி பதினொன்றுக்கு மேல் மாட்டுவான்.

"பத்துக்கு எத்தனை?"
டாக்டர், நர்ஸ், கோரிப்பாளையம் மருந்துக்கடைக்காரர்,
எல்லாருமே ரீடிங் எடுக்க வந்தவர்கள்.
ஒன்பது. எட்டரை. ஒன்பது.
ஒச்சம்மாவிடம் ஒருவரும் கேட்டதில்லை.
மூன்று வருஷமாக அவள்
என் இடப்பக்கம் படுத்ததும் இல்லை.

மாட்டுத்தாவணிப் பக்கத்து ஆஸ்பத்திரியில்
ஜெசிந்தா டாக்டர் காகிதத்தில் முதுகெலும்பை வரைந்து
ஓரமாக இரண்டு கம்பி இழுத்தார்.
"வலியை இது அழிக்காது.
அது மேலே போகிற வழியில்
வேற ஒண்ணைப் பேச வைக்கும்.
முதல்ல ஒரு வாரம் டெம்பரரி."
டெம்பரரி சர்வீஸ் எனக்குத் தெரியாததா?
கட்சிக் கூட்டத்துக்கு, கிடா வெட்டுக்கு,
எத்தனை பேருக்கு இழுத்துக் கொடுத்திருப்பேன்.

ஊசி வழியே கம்பி ஏறியபோது
குப்புறக் கிடந்தேன், முழித்தபடி.
தலைமாட்டில் டேப்லெட்டோடு ஒரு பையன்,
மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.
"எங்கே தெரியுது சார்?"
தொடையில்.
"இப்போ?"
முழங்கால்.
"இப்போ?"
எரிந்த இடத்திலேயே,
தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி.
சொல்ல வாய் வரவில்லை.
அழுதேனாம்.
பையன் பயந்து வோல்டேஜைக் குறைத்துவிட்டான்.
"ஏத்துடா தம்பி" என்றேன்.

ஒன்பது நாலானது.
நாலு கிடந்துவிட்டுப் போகட்டும்,
முதல் நூறு யூனிட் மாதிரி
அதற்கு நான் பில் போடுவதில்லை.
செக்கானூரணி மனை மூன்று சென்ட் போயிற்று.
அந்த வலிக்கும் ஒரு நம்பர் உண்டு, சொல்லமாட்டேன்.

இருமினால் சுள்ளென்று ஏறும்.
பேங்க் வாசலில் கார்டை நீட்டவேண்டும்,
காவலாளி என்னை மேலும் கீழும் பார்ப்பார்.
வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார்ஜ்.
இடுப்பில் பெல்ட், ஒன்றரை மணி நேரம்.
நான், போன், டார்ச் லைட்,
மூன்று பேரும் ஒரே பிளக்கில்.

போன வெள்ளி கால்வாசி ஏறியபோது கரண்ட் போனது.
பழைய செக்ஷன் ஆபீஸுக்கே அடித்தேன்.
எடுத்தவன் புதுசு, பெயர் தவசியாம்.
"ஜம்பர் கட்டாயிருச்சுங்க. பத்தே நிமிஷம்."
முப்பத்தொரு வருஷம் நான் சொன்ன
அதே பத்து நிமிஷம்.
அந்தப் பக்கம் எத்தனை பேர்
இடுப்பில் எதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ.

"லைன் கிளியர் வாங்கிட்டியா?"
"ஆங், வாங்கியாச்சு. நீங்க யாருங்க?"
"மண்டபத்துல ஜெனரேட்டர் ஓடுதான்னு பாத்தியா?"
சத்தமில்லை.
"பாத்துட்டு ஏறு. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

பொய்.
பேட்டரியில் ஒரு கட்டம்தான் மிச்சம்.
ஒச்சம்மா விசிறியோடு வந்து
இடப்பக்கமாக உட்கார்ந்தாள்.
நாற்பது நிமிஷம் ஆனது.