முன்வரிசைக் குழாய்கள்

ஆடிப்பெருக்குக்கு மறுநாள்
போத்தனூர் நீலாம்பரி டாக்கீஸின்
திரைக்குப் பின்னால் ஏறினேன்.
"உள்ள ஒரு மோட்டார் இருக்குதுங்,
ஓடுமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்" என்று
வாரிசு சிவகுருநாதன் கூப்பிட்டிருந்தார்.
ஓடினால் ஒரு விலை.
ஓடாவிட்டால் செம்பு விலை.

முப்பத்தோரு வருசம்
ஸ்பின்னிங் மில்லில் ஊதுவிசிறி பார்த்தவன் நான்.
காற்று எங்கே நுழைகிறது, எங்கே கசிகிறது
உள்ளங்கையால் சொல்லிவிடுவேன்.
சங்கீதம் தெரியாது.

நாற்காலிகளைப் பார்த்து நின்ற குழாய்கள் இருபது.
தங்க வர்ணம். ஆளைவிட உயரம்.
தட்டிப் பார்த்தேன், அடைத்த தகரம்.
காற்றுக்கு வாயே வெட்டவில்லை.
நிஜமானவை பின்னால், இருட்டில்,
புறா எச்சத்துக்குள் நின்றன,
ஈயத்திலும் ஏதோ ஊர் மரத்திலும்.
மஸ்தான் ராவுத்தர் தராசோடு வந்து
அறுநூற்றுப் பதினொன்று என்று எண்ணி முடித்தபோது
பாலக்காட்டு வண்டி கடந்தது.
அத்தனையும் பல்வலிக்காரர்கள்போல முனகின.

ஒவ்வொன்றின் கழுத்திலும் ஆணியால் கீறிய எழுத்து.
"உங்க எழுத்துங்களா?"
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"போற தெசை நம்மளுது.
எழுத்து நம்மளுது இல்லீங்."

எலி தின்றது போக ஒரு ரசீது இருந்தது:
இத்திஷ் நாடகசாலை.
கடன் பாக்கிக்கு ஏலம்.
கொச்சி வரை கப்பல், அப்புறம் கூட்ஸ்.
அந்தக் கொட்டகையில் யார் சிரித்தார்கள்,
எந்தக் காட்சியில் மூக்கைச் சிந்தினார்கள்,
அவர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள்,
ரசீதில் இல்லை.
பெட்டிகள் நாற்பத்து மூன்று என்று இருக்கிறது.
ஆணி தனி.

வாசிக்கிற பலகையில் வரிசையாகப் பித்தான்கள்.
அதே வலமிருந்து இட எழுத்து.
அதன்மேல் யாரோ கோந்து தடவித்
தமிழ்ச் சீட்டு ஒட்டியிருந்தார்கள்:
இடி. குதிரை. கல்யாணம். போலீஸ். சாவு.
கடைசிப் பித்தானுக்குச் சீட்டு இல்லை.
ஒட்டி விழுந்த தடமும் இல்லை.
ஒட்டியவருக்கே பிடிபடவில்லை போல.

மோட்டார் பீளமேட்டுச் சரக்கு,
எப்போதோ யாரோ மாற்றியது.
துருத்தித் தோலைப் பூச்சி தின்றிருந்தது.
லாரி டியூப்பை வெட்டி ஒட்டினேன்.
சொன்ன வேலை அது இல்லை,
ஆனால் காற்று வீணாவதைப் பார்த்துக்கொண்டு
நிற்க முடியாது என்னால்.

சுவிட்ச்.
இடியை அழுத்தினேன், தும்மல் வந்தது.
கல்யாணத்தில் தூசி.
சாவில் ஒன்றுமே இல்லை.
"அதையும் அமுத்துங்" என்றார் ராவுத்தர்,
சீட்டில்லாததைக் காட்டி.

சத்தம் என்று அதைச் சொல்ல மாட்டேன்.
நெஞ்செலும்பில் யாரோ கை வைத்த மாதிரி.
தராசு முள் நடுங்கியது,
தட்டில் ஒன்றுமில்லாமல்.
புறாக்கள் பறக்காமல் உட்கார்ந்திருந்தன.
கையை எடுத்தும் நிற்கவில்லை, வால்வு மாட்டிக்கொண்டது.
சுவிட்சை அணைத்தும் நிற்கவில்லை.
துருத்தியில் மிச்சமிருந்த காற்றை
இறங்கி, இறங்கி,
கோணலாகிச்
சொல்லித் தீர்த்துவிட்டுத்தான் விட்டது.
கீழேயிருந்து சிவகுருநாதன் கேட்டார்,
"மோட்டார் ஓடுதுங்களா?"
ஓடுதுங்க என்றேன்.

சாயங்காலத்துக்குள் ஈயம் எடை போட்டாயிற்று.
தங்க வர்ணம் அடித்த இருபதை மட்டும்
கல்யாண மண்டபக்காரர் ஒருவர்
நல்ல விலைக்குக் கொண்டுபோனார்.

கூலியோடு ஒன்று கேட்டு வாங்கினேன்.
எல்லாவற்றிலும் சின்னது, பென்சில் நீளம்.
வீட்டுக்கு வந்து ஊதினேன். ஒன்றுமில்லை.
துடைத்து ஊதினேன். ஒன்றுமில்லை.
அடுப்படியிலிருந்து மகள் வெண்ணிலா
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்:
"அப்பா, நிறுத்துங், காது கிழியுது."

ரிங் ஃப்ரேம் ஓடிய முப்பத்தோரு வருசத்தில்
எனக்கு எந்த உயரம் வரை போயிருக்கிறது என்பது
அப்போதுதான் தெரிந்தது.
இன்னொரு தடவை ஊதினேன்,
அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு.