இருபத்துநான்கு மணி நேரம் நனையக் கூடாது

டப்பாவின் முதுகில் எழுதியிருந்தது:
பூசிய பிறகு இருபத்துநான்கு மணி நேரம்
நீர் படக் கூடாது.
எழுதியவன் கோத்தகிரிக்கு வந்ததில்லை.
அதுவும் கார்த்திகையில்.

இங்கே நீர் விழுவதில்லை. இருக்கிறது.
கொடியில் போட்ட சட்டை
மூன்றாம் நாளும் என்னைவிடக் குளிர்ந்து கிடக்கிறது.
ஜாடியில் உப்பு தானாகக் கரைகிறது.

இம்தியாஸ் கடையில் இரண்டையும் எடுத்து வைத்தார்.
ஒன்று சீலன்ட்.
பால் நிறம், ஆஸ்பத்திரி வாடை,
ஆறு மாதம் தாங்கும்.
இன்னொன்று மெழுகு.
எங்கோ பிரேசிலில் ஒரு பனை
வெயிலுக்குப் பயந்து தன் ஓலையில் பூசிக்கொண்டது.
அதைச் சுரண்டி உருண்டை டின்னில் அடைத்திருக்கிறார்கள்.
ஆறே வாரம். ஆனால் கருநீலத்துக்குள்
ஒரு கிணறு தோண்டும்.

ஆறு மாதமா, கிணறா?

'ரெண்டும் போடலாம்' என்றார். 'வரிசைதான் முக்கியம்.
மெழுகு முந்திக்கிட்டா சீலன்ட் பிடிக்காது.
எண்ணெய் வழியுற நெத்தியில
ஸ்டிக்கர் பொட்டு நிக்குமா?'
பிறகு என் நெற்றியைப் பார்த்து,
கழுத்துச் சிலுவையைப் பார்த்து,
'உதாரணத்துக்குச் சொன்னேன், சிஸ்டர்.'

மூன்றாம் கை வண்டி. மஞ்சள் போர்டு.
முதல் ஆள் மேட்டுப்பாளைய வெயிலில் விட்டிருந்தான்,
அடுத்தவன் தைல மரத்தடியில்.
களிக்கட்டியால் தேய்க்கத் தேய்க்க
இருவரும் பழுப்பாக வெளியேறினார்கள்.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்ததும்
பெயின்ட் கிரீச்சிட்டது,
புளி போட்டுக் கழுவிய தட்டுபோல.

இனி உலர்ந்த இடம் வேண்டும்.
இந்த மலையில் அது ஒன்றுதான்.

பெள்ளியிடம் கேட்டேன்.
தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் அவர் பொறுப்பு.
'காரையா? இலையோட சேர்த்து வறுக்கவா?'
பச்சை இலை வரத்தில்லை, இரண்டு நாள் மூடல்,
மேனேஜர் குன்னூரில் கல்யாண வீட்டில்.
விறகடுப்பில் வெள்ளிக்கிழமையின் மிச்சச் சூடு.
மூட்டை ஏற்றும் ஷட்டரைத் தூக்கினார்.
பக்கத்துக்கு நான்கு விரல் இடைவெளி.
கண்ணாடிகளை மடக்கி
மூச்சைப் பிடித்து உள்ளே விட்டேன்.

ஒரு கதவுக்கு ஒரு ரூபாய் நாணயம் அளவு.
அதிகம் ஊற்றினால் அதிகம் துடைக்கணும், அவ்வளவே.
பானெட் மஞ்சுபோல வெளுத்தது.
விரலால் இழுத்தேன்: தெளிவான கோடு.
துடைக்கலாம்.
அப்போதுதான் உத்தரத்திலிருந்து இறங்கியது
தேயிலைப் பஞ்சு,
எத்தனை வருஷத்துக் கொழுந்தின் பொன்மயிரோ.
பெள்ளி ஊதுகுழலைப் பிடித்தார், நான் துண்டை.
இருவரும் பேசிக்கொள்ளவில்லை
இரவு இரண்டு மணி வரை.

இடையில் ஞாயிறு ஆராதனை.
போதகர் அபிஷேகத் தைலம் பற்றிச் சொன்னார்.
நான் வேறு டின்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு மெழுகு.
ஸ்பான்ஜை வீசிவிட்டு வெறும் விரலால்.
கைச்சூட்டில் இளகினால்தான் பரவும்.
எவ்வளவு கனம் இருக்கும் என்று முன்பே கேட்டிருந்தேன்.
இம்தியாஸ் தன் தாடியில் ஒரு மயிரைப் பிடித்து,
'இதை நெடுக்கா நூறாக் கிழிங்க' என்றார்.
நூறில் ஒன்றுக்காக இரண்டு ராத்திரி.

திங்கள் காலை ஷட்டர் தூக்கியபோது
வாசலிலேயே காத்திருந்தது மஞ்சு.
கூரைமேல் உட்கார்ந்தது.
மணிமணியாக உடைந்தது.
முதல் வளைவில் சாய்ந்தபோது
அத்தனையும் ஒரே பக்கம் ஓடின,
பள்ளிக்கூடம் விட்டதுபோல.
உள்ளே டீத்தூள் வாசம். அது போகவே இல்லை, இன்னும்.

மார்க்கெட்டில் முதல் சவாரி,
மாதியம்மா, கட்டபெட்டு.
போன் அடித்தது. எடுக்க ஒரு கை வேண்டியிருந்தது.
கேரட் மூட்டையை பானெட்டில் வைத்தார்,
மண்ணோடு.
பேசி முடித்து, இழுத்து எடுத்து,
'நல்ல கலரு' என்றார்.

ஏழு கிலோமீட்டர் நான் வாய் திறக்கவில்லை.

இறக்கிவிட்டுப் பார்த்தேன்.
ஒரு சாண் நீளம், வெள்ளையாக.
கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே ஓட்டினேன்,
மெதுவாக, பிறகு எதிர்த்திசையில்.

நகம் எங்கும் தடுக்கவில்லை.