ஏழு

நித்திரவிளை சந்திப்பு, பேக்கரிக்கு மேல்மாடி.
டாக்டர் ஷைனி எண் சொல்வார், நான் எழுதுவேன்.
மூணு. மூணு. நாலு.
கீழ்வரிசைக் கடைவாயில்
கம்பி ஈறுக்குள் வழுகி இறங்கியது:
ஏழு.

வாய் கொப்பளித்த கிளீட்டஸ்
கிண்ணத்துச் சிவப்பைப் பார்க்காமல் கேட்டார்,
"ஏழு பாகமா?"
மில்லிமீட்டர் அண்ணே.
சுறாவுக்குப் போய் ஆயிரம் பாகம் கண்டவர்
சிரித்துவிட்டார்.
"எனக்க பல்லுல வலியே இல்ல பிள்ளே."

வலிக்காது என்றார் டாக்டர்.
ஈறுக்கடியில் காரை படியும், எலும்பு உள்வாங்கும்,
மேலே பல் வெள்ளையாய் நின்றிருக்கும்.

அதற்குப் பிறகு கொஞ்சநேரம் பேச்சில்லை.
வள்ளவிளையில் அவர் வீட்டுமுன் றோடு
கடலுக்குள் போனதற்கு முந்தினநாள்வரை
அதன்மேல் பஸ் ஓடியது.

வியாழக்கிழமை தோப்பும்படியில் போட்டு இறங்குகிறது.
நாலு தடவையில் செய்வதை இரண்டில் முடித்தோம்.
மரத்த உதட்டோடு
பல்லிடுக்குப் பிரஷை விரலில் உருட்டினார்.
"நல்லதண்ணிக்கு அங்க கணக்கு உண்டு."
ஒரு மூடித் தண்ணீர் போதும் என்றேன்,
ஆழ்கடல் பார்த்தறியாத தைரியத்தில்.
பீடியை விடச் சொன்னதற்கு மட்டும்
பதில் வரவில்லை.

ஐம்பத்திரண்டாம் நாள் வந்தார்.
முகம் கறுத்து, சட்டைப்பையில் மொட்டையான பிரஷ்.
அதே பல். கம்பி இறங்கியது.
பேனாவைத் தாளில் ஊன்றிக் காத்திருந்தேன்.
அஞ்சு.

"கரை இன்னும் வரல்ல," என்றார் அவரே.
பிறகு வாயில் பஞ்சோடு:
"கீழ ரெண்டு பேரு நிக்கானுவ.
நம்ம போட்டுக்காரனுவதான். சோர துப்புகானுவ."

சன்னல்வழி எட்டிப் பார்த்தேன்.
கையில் வெட்டுகேக்கும் சீனிச்சாயாவுமாய்
மாடியையே பார்த்து நிற்கிறார்கள்.