உடம்படுமெய்

இன்றிரவு சாஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தெட்டு.
நிலவறை ஆய்வகத்துக்குள் வந்ததும்
இமையில் பிடித்திருந்த பனி உருகி
அழாமலே கன்னத்தில் இறங்கியது.
டரெல் வோஸ்னியுக் தெர்மாஸைத் திறந்து காபி ஊற்றினார்.
"வெளியே நல்ல குளிர் போல."
எங்கள் உருளைக்குள் கால் கெல்வின்.
அதற்குள் உட்கார்ந்து பார்த்தால்
இந்த ஊருக்கு அக்கினி நட்சத்திரம்.

இரண்டு கற்கள்.
அடியில் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்;
ஒரு காலத்தில் வைரத்துக்குப் பதிலாக மோதிரத்தில் வைத்தார்களாம்.
மேலே லாந்தனம் அலுமினேட்.
மின்சாரம் வந்தால் இரண்டுமே கதவைச் சாத்திக்கொள்ளும்.
ஓர் அடுக்கு படியவைத்தேன், பேச்சில்லை.
இரண்டு. இல்லை.
மூன்று. ம்ஹூம்.
நான்காவது அடுக்கு உட்கார்ந்ததும்
கல்லும் கல்லும் ஒட்டிய இடத்தில்
இரண்டுக்கும் சொந்தமில்லாத ஓர் ஓட்டம்.

எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து
மதிப்பெண் வாங்கியதும் மறந்துபோன விதி:
மணி நிற்கிறது. அடி வருகிறது.
நடுவில் ஒரு 'ய்' முளைக்கிறது.
மணியில் அது இல்லை, அடியிலும் இல்லை,
சேருமிடத்தில் மட்டும் உயிர்வாழும் மெய்.
ஆய்வுக் கட்டுரையில் இதை எழுத முடியாது.
எழுதினால் டரெலுக்கு யார் விளக்குவது?

குளிரக் குளிர எலக்ட்ரான்கள் சோடி சேரும்.
ஒன்று மேலே பார்த்தால் மற்றது கீழே பார்க்கவேண்டும்;
அப்படி முறைத்துக்கொண்டே கைகோத்து
தடை என்பதே தெரியாமல் நடந்துபோய்விடும்.
காந்தத்துக்கு இது ஆகாது.
எல்லாரும் ஒரே பக்கம் பாருங்கள் என்று
விசில் ஊதும் உடற்பயிற்சி வாத்தியார் அது.
இவர்கள் ஒரே வீட்டில் குடியிருக்க மாட்டார்கள்
என்று படித்துத்தான் பட்டம் வாங்கினேன்.

நவம்பரில், பதினெட்டாம் துண்டு.
இருநூற்றுப் பத்து மில்லிகெல்வினில்
தடைக்கோடு மாடிப்படியில் இடறியவன் மாதிரி விழுந்தது.
நம்பவில்லை. மின்னோட்டத்தைத் திருப்பினேன்,
கம்பிகளை மாற்றினேன், விழுந்தது விழுந்ததுதான்.
காந்தப்புலத்தை ஏற்றினேன், இறக்கினேன்.
போன வழியில் கோடு திரும்பி வரவில்லை.
இரண்டு பாதைக்கும் நடுவே
ஒரு வேப்பிலை அளவு இடைவெளி.
எதையோ நினைவில் வைத்திருக்கிறது.
காந்தம்தான் அப்படி வைத்திருக்கும்.

அன்று தூக்கமில்லை.
கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டேன்.

காலையில் டரெல் கேட்டார்:
"அந்தத் துண்டைப் பிடித்திருக்கிற திருகாணி என்ன உலோகம்?"
பித்தளை.
"பார்த்தாயா?"

பார்க்கவில்லை.

சூடேற்றித் திறக்க இரண்டு நாள்.
சமையல் மூலையின் ஃபிரிட்ஜில்
பீட்சாக் கடைச் சீட்டைத் தாங்கிக்கொண்டிருந்த
மூஸ் மான் பொம்மைக் காந்தத்தைப் பிடுங்கிவந்து
ஒவ்வொரு திருகாணியாய்த் தொட்டேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவது, 'டிக்'கென்று
மானின் வயிற்றில் போய் ஒட்டிக்கொண்டது.
எனக்கு முன் இங்கே இருந்த யாரோ
அவசரத்தில் போட்டுவிட்டுப் போன
மிளகளவு எஃகு. என் ஆறு வாரம்.
டரெல் சிரிக்கவில்லை. அது பெரிய உதவி.

பிறகு ஹீலியம் தீர்ந்தது.
ஸ்விஃப்ட் கரன்ட் பக்கம் பனியில் லாரி மாட்டிக்கொண்டது.
கோதுமை வயலுக்கு அடியில் தோண்டி எடுத்த வாயு
கோதுமை வயலுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது,
பதினொரு நாள்.

இன்றிரவு நான்கும் பித்தளை. மானே சாட்சி.
கோடு விழுந்தது, அதே படியில்.
புலத்தை ஏற்றினேன், இறக்கினேன்.
வேப்பிலையைக் காணோம்.
ஆனால் இரண்டு கோடும் முழுக்கச் சேரவுமில்லை.
கண்ணைத் திரைக்கருகே கொண்டுபோனால்
ஒரு புளியிலை.
மறுபடி ஓட்டினேன். புளியிலை.
மெதுவாக, இன்னும் மெதுவாக ஓட்டினேன்,
காந்தம் சூடாவதால் வருகிற பொய்யாக இருக்கலாமே என்று.
கொஞ்சம் மெலிந்தது. இருந்தது.

டரெல் ஆங்கிலத்தில்தான் கேட்டார்.
என் காதில் 'மெய்யா?' என்று விழுந்தது.
இன்னும் மூன்று துண்டு அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பால் எடுக்கப் போனேன்.
அந்தத் திருகாணியை யாரும் எடுக்கவில்லை,
மானின் வயிற்றிலேயே இருக்கிறது.
ஃபிரிட்ஜ் கதவை மூடும்போது
சற்றே அசைகிறது.