அட்டவணை, வரிசை எண் 31

நாற்பத்தொரு விளையாட்டுகள்.
பதினெட்டுப் பக்கப் பத்திரத்தின் வாலில்
பொடி எழுத்தில் ஓர் அட்டவணை.
ஆர்ஹூஸிலிருந்து அனுப்பியிருந்தார்கள்,
பிழை இருந்தால் சொல்லச் சொல்லி.
அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்கியவர்களில்
இன்னும் அதே ஹல் நகரத்து டெலிபோன் எண்ணோடு
இருப்பவள் நான் ஒருத்திதானாம்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.
‘நிலாவுக்குப் பால்காரன்’. ஆமாம், நன்றாக விற்றது.
‘பேய்க் கலங்கரை’. ஆமாம், பாதி கேசட் திரும்பி வந்தது.
‘கராத்தே கழுதை’. ஐயோ, ஆமாம்.
முப்பத்தொன்று: ‘தவளைக் கோட்டை’.

தேநீர் ஆறிப்போயிற்று.

ஆயிரம் பொய் சொல்லி
ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள்.
நான் சொன்னது ஒன்றே ஒன்று,
அதுவும் ஏழு பேர் சம்பளத்துக்கு.

எண்பத்தெட்டு, பிப்ரவரி.
வங்கி மேலாளர் அக்ராய்ட் கேட்டார்:
“கோடைக்குள் பன்னிரண்டு புது விளையாட்டு என்கிறீர்கள்.
காகிதத்தில் பதினொன்றுதானே இருக்கிறது, மிஸ் ஹார்ட்டாப்?”
மேசைக்கடியில் டெஸ்மண்ட் என் காலை மிதித்தார்.
மேசைமேல், காகிதம் பறக்காதபடி
ஒரு பீங்கான் தவளை உட்கார்ந்திருந்தது.
“தவளைக் கோட்டை,” என்றேன்.
“எத்தனை கட்டம்?”
“முப்பத்திரண்டு.”
அவர் பையனுக்கு அப்போது பத்து வயது.
கையெழுத்துப் போட்டார்.

நாற்பதாயிரம் பவுண்ட்.
நெவில் உடைந்த முன்பல்லைக் கட்டிக்கொண்டான்.
ஏழு வீட்டில் அந்த வசந்தம் வாடகை பாக்கியில்லை.
தொண்ணூற்றொன்றில் மூழ்கினோம்.
மேசை நாற்காலியெல்லாம் ஏலத்தில் போனபின்
பெயர்கள் மட்டும் மிஞ்சின.
கேட்க ஆளில்லாத சொத்து இங்கே
மகுடத்தைச் சேரும்,
கரை ஒதுங்கிய திமிங்கலம் சேர்வதுபோல.
முப்பது வருஷம் அரசாங்க அலமாரியில்
குந்தியிருந்திருக்கிறது என் தவளை.
வரவா, செலவா?
கணக்கெழுதியே வயதானவள் நான்,
எனக்கே தெரியவில்லை.

இப்போது விற்றுவிட்டார்கள்:
அதன் நிரல், இசை, அட்டைப்படம்,
தொடர்ச்சிகள், பொம்மைகள், பனியன்கள்,
இனிமேல் கண்டுபிடிக்கப்படக்கூடிய எல்லா வடிவங்களும்,
உலகெங்கும், என்றென்றைக்கும்.
என் வீட்டின்மேல்கூட எனக்கு
இவ்வளவு உரிமை கிடையாது.

வியாழக்கிழமை டோர்த்தே கூப்பிட்டாள்.
சளி பிடித்த குரல்.
“நாற்பதுக்குக் கேசட்டோ டிஸ்கோ கிடைத்துவிட்டது.
முப்பத்தொன்றுதான் எங்கேயும் இல்லை.
ஆனால் ஸாக்ரெபில் ஒருவர்
சின்ன வயதில் ஆடியிருக்கிறாராம்.
மூன்றாம் கட்டத்தில் ஏணி உடைந்திருக்குமாம்.
அகழியில் மழை விட்டபாடில்லையாம்.
அவருடைய அண்ணன் ஒன்பதாவது கட்டம்வரை போனானாம்.”

முப்பத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக
அந்தக் கோட்டைக்குள் யாரோ ஈரக்காலோடு
நடந்த சத்தம் கேட்டது.

சொல்லிவிட்டேன்.
வங்கி, டெஸ்மண்டின் குதிகால், பீங்கான், எல்லாவற்றையும்.
மறுமுனையில் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.
அவள் மூக்கை உறிஞ்சினாள்.
“ஒன்றை அடித்தால் பத்திரத்தையே
மறுபடி எழுத வேண்டும்.
விலையை நாற்பத்தொன்றால் வகுத்தாயிற்று.”

கணக்குத் தெரிந்த பெண்.

“அப்படியே இருக்கட்டும். ஏணி எந்தப் பக்கம்?”
“ஸாக்ரெப்காரரைக் கேளுங்கள்.”
பேனா மூடி கழன்ற ஓசை.
“தவளை? அது என்ன நிறம்?”

“வெள்ளை.
இடது கண்ணுக்கு மேலே ஒரு விரிசல்,
கோந்து வைத்து ஒட்டியது.”